வெட்டாமல் வைத்த கார்ட்

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
11.02.2025

தம்பி இன்பாஸ்,

அஸ்ஸலாமு அலைக்கும். ஸலாம் சொல்வது கடமை, அதனால் சொல்கிறேன். நானும் மகள் றிப்காவும் சுகம். சுகம் கேட்காமல் கடிதம் தொடங்கக் கூடாது என்று உம்மா பழக்கிய பழக்கம் கையை விட்டுப் போகவில்லை. ஆகவே கேட்கிறேன், நீ சுகமா?

வெள்ளிக்கிழமை பின்னேரம் உன் நம்பரை பிளொக் பண்ணினேன். றிப்காவையும் பண்ண வைத்தேன். வாட்ஸ்அப்பில் வந்தால் நீ “ராத்தா, ராத்தா” என்று இழுத்து, ஒரு சிரிப்புப் படத்தை அனுப்பி என் கோபத்தைக் கரைத்துவிடுவாய். இந்தக் கோபம் கரையக் கூடாது. அதனால்தான் அந்தக் காலத்து ஆட்கள் மாதிரிக் கடிதம் எழுதி, உன் கூட்டாளி முனீபின் கார்கோ கடையில் கொடுக்கிறேன். கத்தாருக்குப் போகிற யாராவது ஒருவர் கையில் கொடுத்துவிடுவதாகச் சொன்னான்.

விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் இருக்கும் இந்த வாடகை வீட்டைத் தங்கரத்தினம் டீச்சர் விற்கப் போகிறா. மகளோடு போய் இருக்க ஒஸ்ரேலியா போகிறா. எட்டு வருடம் வாடகை பிந்தாமல் கொடுத்தவள் என்று முதலில் என்னிடம்தான் கேட்டா. “உமக்கெண்டா விலை குறைச்சுத் தாறன் றம்லா, ஆனா ஜூன் முடிய முன்னம் காசு வேணும்” என்றா. தை மாதம் ஐந்து லட்சம் அட்வான்ஸ் கொடுத்தேன். மிச்சத்துக்கு வங்கியின் வட்டியில்லாப் பிரிவில் கடன். இருபது வருடமாகக் கந்தோரில் வேலை, ஒரு மாதமும் சம்பளம் நின்றதில்லை, எவரிடமும் கைநீட்டிக் கடன் வாங்கினதில்லை. தராமல் விடுவார்களா என்று நினைத்தேன்.

தரவில்லை. வினோதன் என்கிற பொடியன்தான் கடன் பகுதியில் இருக்கிறான், மரியாதையான பிள்ளை. கணினியை என் பக்கம் திருப்பிக் காட்டினான். “மிஸ், உங்கட கார்ட் ஒண்டு அஞ்சு மாசமாக் கட்டாமக் கிடக்கு. கிரெடிட் ஸ்கோர் விழுந்திட்டு. இப்ப லோன் போட ஏலாது.”

எந்தக் கார்ட் என்று கேட்டேன். 2017இல் நீ கத்தாருக்குப் போக டிக்கெட்டுக்கும் ஏஜென்சிக்கும் நான் தேய்த்த அதே கிரெடிட் கார்ட். அடுத்த வருடம் நீ காசை அனுப்பிக் கட்டி முடித்ததும் நான் அதை வங்கியில் கொடுத்து மூடப் போனேன். வட்டிக்காரச் சாமான் வீட்டில் வேண்டாம் என்றேன். நீ என்ன சொன்னாய்? “வெட்டாதீங்க ராத்தா. பழைய கார்ட்தான் பெறுமதி. மூடினா வரலாறு போயிடும், ஸ்கோர் விழும். பாவிக்காம விட்டாலும் பேங்க் தானா மூடிடும். மூணு மாசத்துக்கு ஒருக்கா சின்னதா ஒண்டு வாங்கி உடனே கட்டுங்க. வீடு வாங்கப் போற நாளையில அது உங்களுக்குச் சாட்சி சொல்லும்.”

நானும் செய்தேனே! நாலு வருடம், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சுப்பர் மார்க்கட்டுக்குப் போய் ஒரு சவர்க்காரம். காசாளர் பெட்டை சிரிப்பாள். மறுநாளே வரிசையில் நின்று கட்டுவேன். பிறகு 2022இல், பெட்ரோல் வரிசையும் காஸ் வரிசையுமாகக் கிடந்த காலத்தில், நீ சொன்னாய், “நம்பரைத் தாங்க ராத்தா, நான் மாசாமாசம் ஒரு சின்னச் செலவ அதுல போட்டு இங்கயிருந்தே கட்டுறன். நீங்க கார்ட அலுமாரில வைங்க.” வங்கியில் இருந்த என் போன் நம்பரையும் மின்னஞ்சலையும் உன்னுடையதாக மாற்றினாய். நான் கையெழுத்துப் போட்டேன். மூன்று வருடமாக அந்தக் கார்ட் துணிக்கு அடியில் பொலித்தீன் பையில் கிடக்கிறது.

கட்டாமல் கிடந்தது எதற்கான காசு தெரியுமா? கிரிக்கெட் பார்க்கிற செயலிக்கு. என் வீடு கிரிக்கெட்டில் போகிறது, இன்பாஸ்.

ஏன் கட்டவில்லை? அதை மட்டும் எழுது.

கோபத்தோடு,
றம்லா ராத்தா


தோஹா,
15.02.2025

அன்புள்ள ராத்தாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். நான் சுகம். நீங்களும் றிப்காவும் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன். கடிதம் கிடைத்தது.

இது நிச்சயம் வங்கியின் பிழையாகத்தான் இருக்கும் ராத்தா. சிஸ்டம் மாற்றும்போது இப்படி நடக்கும். இங்கே வேலை கூட, நான் ஒன்றிரண்டு மாதம் கவனிக்காமல் விட்டிருக்கலாம். பயப்பட ஒன்றுமில்லை. நிலுவையைக் கட்டினால் ஸ்கோர் மெல்ல மெல்ல ஏறும். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். கோபத்தில் கார்டை மூடிவிட வேண்டாம். எட்டு வருட வரலாறு அதில் இருக்கிறது. இப்போது மூடினால் நல்லதும் சேர்ந்து போய்விடும். கட்டிவிட்டு, பழையபடி மூன்று மாதத்துக்கு ஒரு சின்னச் சாமான் வாங்குங்கள்.

றிப்காவின் டியூஷனுக்கு வழமையான பத்தாயிரத்தை முனீபின் கடையில் எடுத்துக்கொள்ளுங்கள். நம்பரைத் திறந்துவிடுங்கள் ராத்தா.

இப்படிக்கு,
தம்பி இன்பாஸ்


திருகோணமலை,
24.02.2025

தம்பி இன்பாஸ்,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. வீதியில் திரிகிற மான்கள் இரண்டு தினமும் வேலிக்குள் தலையை விட்டு என் செவ்வரத்தைச் செடியைத் தின்கின்றன. அவற்றைத் துரத்தக்கூட எனக்கு மனமில்லை, வேறு ஆளைத் துரத்த வேண்டிக் கிடக்கிறது.

ஏன் கட்டவில்லை என்று கேட்டேன். நீ எனக்கு ஸ்கோர் பாடம் எடுத்திருக்கிறாய். மூன்று மாதத்துக்கு ஒரு சவர்க்காரம் வாங்கு என்கிறாய். வெட்கமாக இல்லையா?

போன வியாழக்கிழமை நிலுவையை அபராதம், வட்டி எல்லாம் சேர்த்துக் கட்டினேன். வட்டி! றிப்காவின் வாப்பா கண் மூடும்வரை ஒரு சதம் வட்டி கொடுக்காத, வாங்காத மனிசன். அவர் மவுத்தாகி ஆறு வருடத்தில் நான் கவுண்டரில் நின்று கொடுத்தேன். முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

கட்டியாச்சு, இனித் தாருங்கள் என்றேன். வினோதன் தலையைச் சொறிந்தான். “கட்டினது நல்லம் மிஸ். ஆனா கட்டாம இருந்ததும் ரிப்போட்டில நிக்கும். மேலிடம் இப்ப பாஸ் பண்ணாது. ஒரு வருஷம் போகட்டும்.” டீச்சரின் வீடு ஒரு வருடம் நிற்குமா? மோசம் என்ன தெரியுமா, அவன் சொன்னான், “மிஸ், இந்தக் கார்ட் இல்லாம இருந்திருந்தா உங்கட சம்பளத்துக்கு லோன் கிடைச்சிருக்கும்.” சாட்சி சொல்லும் என்றாயே, நன்றாகச் சொல்லிவிட்டது.

இனி ஒரே வழிதான். கத்தாருக்குப் போன அன்று பஸ் நிலையத்தில் பெட்டியோடு நின்று நீ சொன்னது ஞாபகமிருக்கிறதா? “ரெண்டு வருஷம் ராத்தா, உங்களுக்கும் றிப்காக்கும் வீடு கட்டித் தாறன்.” நான் ஒரு நாளும் அதைக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். எட்டு வருடம் உழைத்திருக்கிறாய். வீடு முழுவதையும் கேட்கவில்லை. பாதியை அனுப்பு, மிச்சத்துக்கு நான் என் நகையையும் கந்தோர்க் கடனையும் பார்க்கிறேன். கடனாகத் தா, எழுதித் தருகிறேன். பெண்பிள்ளைக்கு வீடில்லாமல் நம் பக்கத்தில் எவன் கலியாணம் பேச வருவான் என்று உனக்குத் தெரியாதா?

ஓம் என்றால் ஓம். இல்லை என்றால் இல்லை. நீட்டாதே.

றம்லா ராத்தா


தோஹா,
30.03.2025

அன்புள்ள ராத்தாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். பதில் பிந்தியதற்கு மன்னிக்க வேண்டும். நோன்பு மாதம், வேலையும் அதிகம். இன்று இருபத்தொன்பதாவது நோன்பு. பிறை தெரிந்தால் நாளைக்குப் பெருநாள். நீங்கள் வட்டிலப்பம் செய்வீர்கள், றிப்கா அடிச்சட்டியைச் சுரண்டுவாள். அதை நினைத்துக்கொண்டு இஃப்தாருக்குக் காத்திருக்கிறேன்.

காசு விஷயம், கம்பனியில் சம்பளம் கொஞ்சம் இழுபடுகிறது. ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு ஒரு முடிவு தெரியும். டீச்சரிடம் இன்னும் மூன்று மாதம் கூடத் தவணை கேட்டுப் பாருங்கள், அவ நல்லவ. எல்லாம் சரிவரும். பெருநாள் உடுப்புக்கு முனீபிடம் ஐயாயிரம் கூடக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். றிப்காவுக்கு என் ஸலாம்.

தம்பி இன்பாஸ்


திருகோணமலை,
04.04.2025

இன்பாஸ்,

ஸலாம்.

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. நீ பெருநாளுக்குக் காத்திருந்ததாக எழுதிய அந்த ஞாயிற்றுக்கிழமை, கத்தாரில் பெருநாள். எதிர்வீட்டு றுவைஸின் மகன் தோஹாவில் பள்ளிவாசல் வாசலில் புது உடுப்போடு நின்று காலை ஆறரைக்கே படம் அனுப்பினான். முழு ஒழுங்கைக்கும் காட்டினார்கள். நமக்குத்தான் அன்று இருபத்தொன்பதாவது நோன்பு. அவர்களுக்கு ஒரு நாள் முந்தி என்று இங்கே பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.

தோஹாவில் பெருநாள் கொண்டாடும்போது நோன்போடு பிறை பார்த்துக்கொண்டிருந்தாயா?

பிறகு உன் பழைய கடிதத்தை எடுத்துத் திகதியைப் பார்த்தேன். நான் செவ்வாய்க்கிழமை கொடுத்ததற்கு நீ சனிக்கிழமை பதில் எழுதியிருக்கிறாய். நாலே நாள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். கோபத்தில் கண் மூடிக் கிடந்தது.

நீ எங்கே இருக்கிறாய்?

றம்லா


திருகோணமலை,
13.05.2025

இன்பாஸ்,

ஸலாம். ஐந்து கிழமை ஆகிறது. நீ உயிரோடு இருக்கிறாயா இல்லையா என்று தெரியாத நிலையில் சுகம் கேட்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை முனீபின் கடைக்குப் போனேன். பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் ஒட்டின இடத்திலேயே திரும்பத் திரும்ப ஒட்டினான்.

“அவன் எங்க முனீப்?”

“ராத்தா, நான் அவனுக்கு வாக்குக் குடுத்தனான்.”

“உன்ட கடைல நான் தந்த கடிதம் எந்தப் பிளேனில ஏறின? அதயாவது சொல்லு.”

“பிளேனில ஏறல்ல ராத்தா, கொழும்பு பஸ்ஸிலதான்...” சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். “அவன் சாப்பிடுறான், தூங்குறான், சுகமா இருக்கான். அதுக்கு மேல கேக்காதீங்க.”

அந்தக் கடையில் நான் போட்ட சத்தத்துக்குப் பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். இருபது வருடம் கந்தோரில் ஒரு ஆள் முகத்தில் கத்தினதில்லை நான். மூன்று மாதமாக என் கடிதங்களைக் கத்தாருக்கு அனுப்புகிறதாகச் சொல்லி, என் முகத்தைப் பார்த்து “போய்ச் சேந்திட்டு ராத்தா” என்று சொன்னவன் அவன். நீ சொல்லிக் கொடுத்துத்தானே சொன்னான்!

டீச்சரின் வீட்டை நிலாவெளியில் ஹோட்டல் வைத்திருக்கிற ஒருவர் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டார். குசினியில் நின்று, எந்தச் சுவரை உடைப்பது என்று கைகாட்டிக் கதைத்தார். நான் அப்போது அதே குசினியில் சோறு வடித்துக்கொண்டிருந்தேன்.

நீ பதில் எழுதாவிட்டால் நான் கொழும்புக்கு வந்து தேடுவேன். சும்மா சொல்வதாக நினைக்காதே.

றம்லா


கொழும்பு, மருதானை.
25.05.2025

ராத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகம் விசாரிக்கும் தகுதி எனக்கு இல்லை.

போன வருடம் ஜூலையில் கம்பனியைப் பூட்டினார்கள். இரண்டு மாதச் சம்பளமும் வரவில்லை. டிக்கெட்டைக் கையில் தந்து ஏற்றிவிட்டார்கள். பத்தொன்பதாம் திகதி கட்டுநாயக்காவில் வந்து இறங்கினேன். வெளியே வந்து திருகோணமலை பஸ்ஸைத்தான் தேடினேன். பஸ் நின்றது. ஏறவில்லை.

ஏனென்றால் ஊரில் இறங்கினால் முதல் ஆள் கேட்பது “எப்ப வந்த?” இரண்டாவது ஆள் கேட்பது “எப்ப போற?” முதல் கேள்விக்குப் பதில் இருந்தது. இரண்டாவதுக்கு இல்லை. ஒரு வேலை எடுத்துக்கொண்டு ஒரேயடியாக வருவோம் என்று முனீபின் சொந்தக்காரர் ஒருவரின் பயணப் பைக் கடையில் நின்றேன். கடைக்கு மேலே படுக்கை. இரண்டு கிழமை என்று நினைத்தது பத்து மாதம் ஆகிவிட்டது. ஊரவர்கள் யாராவது கடைக்கு வந்தால் உள்ளே போய் நிற்பேன். வாட்ஸ்அப்பில் மட்டும் அதே கத்தார் நம்பர் ஓடிக்கொண்டிருந்தது, அதனால் உங்களுக்குத் தெரியவில்லை.

கார்ட் விஷயம் மறதியால் வந்ததில்லை ராத்தா. ஆவணி வரைக்கும் கட்டினேன். அதற்குப் பிறகு வங்கியின் குறுஞ்செய்தி எல்லாம் செத்துப்போன அந்தக் கத்தார் சிம்முக்குப் போனது, மின்னஞ்சலை நான் திறக்கவே இல்லை. நேரே ஒரு கிளைக்குப் போய்க் கட்டியிருக்கலாம், கட்டவில்லை. கையில் இருந்ததில் ஒன்றில் றிப்காவின் பத்தாயிரத்தை அனுப்பலாம், அல்லது கார்டையும் பஸ் செலவையும் சாப்பாட்டையும் பார்க்கலாம். பத்தாயிரம் நின்றால் நீங்கள் கேட்பீர்கள். கார்ட் நின்றால் யார் கேட்கப் போகிறார்கள், பிறகு பிடித்துக்கொள்ளலாம் என்று விட்டேன். நீங்கள் வீட்டுக்குக் கடன் கேட்கப் போகிற கதை எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என் இரத்தத்தை விற்றாவது கட்டியிருப்பேன்.

மேலே முகவரி எழுதியிருக்கிறேன். இனி முனீபைத் திட்டாதீர்கள்.

இன்பாஸ்


திருகோணமலை,
02.06.2025

இன்பாஸ்,

வ அலைக்கும் ஸலாம். உன் முகவரியை உறையில் எழுதி முத்திரை ஒட்டி நானே தபால்கந்தோரில் போடுகிறேன். மருதானை என்று எழுதும்போது இரண்டு தடவை பிழைத்து உறையை மாற்றினேன். கோபத்தில்தான், வேறு எதுவும் நினைக்காதே.

வேலை போனதற்கு நான் கோபிக்கவில்லை. வேலை யாருக்கும் போகும். றிப்காவின் வாப்பாவுக்கு மூன்று தடவை போனது, மூன்று தடவையும் மத்தியானம் வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்து “போச்சு புள்ள” என்று சொன்னார். சோறு போட்டேன், சாப்பிட்டார். அவ்வளவுதான் விஷயம்.

நான் கோபிப்பது இதற்கு. கார்டுக்கு என்ன செய்யச் சொன்னாய்? உண்மையில் ஒன்றுக்கும் பாவிக்காதே, ஆனால் செத்துவிட்டதென்று வங்கி நினைக்காமல் இருக்க, இடைக்கிடை சின்னதாக ஒரு தொகையைப் போட்டுக்கொண்டிரு என்றாய். அதையேதான் எனக்கும் செய்திருக்கிறாய். மாதம் பத்தாயிரம், பெருநாளுக்கு ஐயாயிரம், ஒரு சிரிப்புப் படம். ராத்தா கேள்வி கேட்காமல் இருந்தால் போதும். நான் வங்கியா இன்பாஸ்? உன்னைப் பற்றி எனக்கு ஸ்கோர் வேண்டுமா?

ஒரு வரி. “ராத்தா, வேலை போச்சு, கார்டக் கொண்டுபோய் மூடுங்க.” இந்த ஒரு வரியை ஆவணியில் அனுப்பியிருந்தால் அன்றைக்கே சில ஆயிரத்தைக் கட்டி முடித்திருப்பேன். கடன் கிடைத்திருக்கும். நீயும் இந்த வீட்டின் முன்னறையில் படுத்திருப்பாய். றிப்காவின் பத்தாயிரம் நின்றால் என்ன, நான் கஞ்சி காய்ச்சிப் பிள்ளையை வளர்க்காதவளா? உன் மானத்துக்குக் கொடுத்த விலை என் வீடு. நீ கொடுக்கவில்லை, நான் கொடுத்தேன்.

டீச்சர் இன்னும் இம்மாத முடிவு வரைக்கும் நிற்பதாகச் சொல்லியிருக்கிறா. நகையைக் கணக்குப் பார்த்தேன். கந்தோர்க் கடனையும் சேர்த்தால் பாதியும் வரவில்லை. வேறு இரண்டு வங்கிக்கும் ஏறி இறங்கினேன், எங்கே போனாலும் அதே அறிக்கைதான் வந்து முன்னால் நிற்கிறது. உனக்குச் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

றம்லா


மருதானை,
20.06.2025

ராத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன்.

மூன்று நாள் கடைக்கு லீவு போட்டு வங்கியின் தலைமைக் கந்தோருக்குப் போனேன். கார்ட் என் ராத்தாவுடையது, குற்றம் என்னுடையது என்று கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்தேன். ஒரு பெரியவர் பொறுமையாகக் கேட்டார். “தம்பி, பிழையான பதிவெண்டா திருத்தலாம். இது சரியான பதிவு. கட்டாம விட்டது உண்மைதானே?” என்றார். உண்மைதானே. நான் எழுந்து வந்துவிட்டேன். எட்டு வருட வரலாறு, எட்டு வருட வரலாறு என்று உங்களுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தேன். அவர்கள் பார்ப்பது அந்த ஐந்து மாதத்தைத்தான்.

கார்டை மூடிவிடுங்கள் ராத்தா.

என்னிடம் இருந்த முப்பத்தெட்டாயிரத்தை மணியோடர் எடுத்து அனுப்புகிறேன். இது வீட்டுக்குக் காணாது என்று தெரியும். ஊருக்கு வரட்டுமா என்று கேட்க வாய் வரவில்லை.

இன்பாஸ்


திருகோணமலை,
03.07.2025

தம்பி இன்பாஸ்,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் இருவரும் சுகம். கச்சான் காற்று அடித்து வீடு முழுக்கப் புழுதி. பெட்டி கட்டும் வேலையில் புழுதியைத் துடைக்க நேரமில்லை.

வீடு போய்விட்டது. திங்கட்கிழமை டீச்சர் நிலாவெளி ஆளுக்கு எழுதிக் கொடுத்தா. அன்றைக்கே பின்னேரம் வந்து என் ஐந்து லட்சத்தையும் மேசையில் வைத்தா. ஒரு சதம் பிடிக்கவில்லை. “நான் பொறுத்திருப்பன் றம்லா, மகள் டிக்கெட் போட்டிட்டாள்” என்று சொல்லி அழுதா. அவவைத் தேற்றித் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிய பிறகு நான் கிணற்றடிக்குப் போய் வாளியை எறிந்தேன். வாளி உடைந்துவிட்டது. அதுவும் உன் கணக்கில்தான்.

நேற்றுக் கார்டோடு வங்கிக்குப் போனேன். வினோதன் பழைய பாடத்தைத் தொடங்கினான். “மூடினா ஸ்கோர் இன்னும் குறையும் மிஸ், வைச்சிருங்க, இடைக்கிடை சின்னதா...” நான் பார்த்த பார்வையில் நிறுத்திவிட்டு லாச்சியைத் திறந்து கத்தரிக்கோலைத் தந்தான். நாலு துண்டாக வெட்டினேன். மூடின கடிதத்தைக் கையெழுத்தோடும் முத்திரையோடும் வாங்கித்தான் எழும்பினேன். இனி என் பெயரில் நான் பாவிக்காத சாமான் ஒன்றும் கிடையாது.

வில்லூன்றியில் ஒரு மேல்வீடு வாடகைக்கு எடுத்திருக்கிறேன். இரண்டு அறை. ஒரு வருடம் போகட்டும் என்று வினோதன் சொன்னானே, போகட்டும். பிறகு திரும்பப் போய் அவன் முன்னால் இருப்பேன். றிப்காவுக்கு வீடு இல்லாமல் நான் மவுத்தாக மாட்டேன். அதற்கு உன் உதவி வேண்டும், உன் யோசனை வேண்டாம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு, பதின்மூன்றாம் திகதி, சாமான் ஏற்றுகிறோம். உன் முப்பத்தெட்டாயிரத்தில் லொறிக்கும் முன்பணத்துக்கும் கொடுத்துவிட்டேன். உம்மாவின் முதிரை மர அலுமாரியை உனக்குத் தெரியும், நாலு பேர் இல்லாமல் அசையாது. படியேற்றவும் வேண்டும். லொறிக்காரர் றம்ஸானும் அவருடைய ஆளும் இரண்டு பேர். முனீப் வருவான், நான் பேசின பேச்சுக்கு அவன் வராமல் இருக்க ஏலாது. நாலாவது ஆள் நீ.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் ஏறு. நம்பரைத் திறக்கவில்லை, திறக்கவும் மாட்டேன். வந்து என் முகத்தைப் பார்த்துக் கதை. நான் ஏசுவேன். ஒரு நாளில் முடிகிற ஏச்சு இல்லை, அதற்கும் தயாராக வா. சோறு இருக்கும்.

பஸ் நிலையத்தில் எவனாவது “எப்ப வந்த?” என்று கேட்டால், “ராத்தாட அலுமாரி தூக்க வந்தனான்” என்று சொல். “எப்ப போற?” என்று கேட்டால், அதை ராத்தாவிடம் கேட்கச் சொல்.

கோபம் தீராத,
றம்லா ராத்தா